கண்ணாடிக்கல் அட்டிகை

அணிகலன் என்றதும் பொன்னும் மணியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் விலையைக் கேட்டு வியக்கிறோம். அவற்றை அணிந்தவர்களை ஒருபடி மேலாக மதிக்கிறோம். ஆனால், என் வாழ்க்கையில் எனக்குப் பெரும்பாடம் கற்பித்த அணிகலன் ஒன்றில் குன்றிமணி அளவு பொன்னும் இல்லை. துணியும் நூலும் பித்தளையும் வண்ணக் கண்ணாடிக் கற்களும் சேர்ந்த அட்டிகை அது. அதனைத் தம் கையாலேயே செய்தவர் என் அத்தை.

எங்கள் ஊர் நீடாமங்கலம். காவிரியின் கிளையாகிய வெண்ணாறு எங்கள் ஊர்ப்புறத்தில்தான் கோரையாறு, பாமணியாறு என்னும் இரு ஆறுகளைப் பிரித்து அனுப்பிவிட்டுத் தானும் கிழக்கே செல்கிறது. மூணாறு தலைப்பு என்று அவ்விடத்தைச் சொல்வார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அரசி யமுனாம்பாளின் பெயரால் எங்கள் ஊருக்கு யமுனாம்பாள்புரம் என்ற பெயரும் உண்டு. தவில் வேந்தர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து நாடெங்கும் ஒலிக்கச் செய்தார். வயலும் வாய்க்காலும் இசையும் கோயிலும் நிறைந்த இந்த ஊரில், ஓட்டு வீட்டுத் திண்ணை ஒன்றில் அமர்ந்து அத்தை கல்லிழைத்துக் கொண்டிருப்பார்.

அத்தை இளமையிலேயே கணவரை இழந்தவர். பிறர் கையை எதிர்பார்த்து வாழ அவர் உள்ளம் இசையவில்லை. நாடகம் ஆடுவோர்க்கும், நாட்டியம் பயிலும் பெண்களுக்கும் தலைசாமான், மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் முதலியவற்றைக் கண்ணாடிக் கற்களால் செய்து கொடுத்து அவர் பிழைத்து வந்தார்.

அவர் வேலை செய்யும் முறையைப் பார்ப்பதே எனக்கு இன்பம். பழைய பருத்தித் துணியை இரண்டு மூன்று மடிப்பாகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நிழலில் உலர்த்துவார். அது அட்டைபோல் விறைத்த பிறகு, காகிதத்தில் வரைந்த கோலத்தை அதன்மேல் வைத்து ஊசியால் குத்திப் புள்ளிகளாக இறக்கிக்கொள்வார். பின்னர்த் தாம்பாளத்தில் கற்களைப் பரப்பி, அளவாலும் நிறத்தாலும் பிரிப்பார். சிவப்பு என்றால் எல்லாம் ஒரே சிவப்பு அன்று. ஒன்று மாதுளை முத்துப்போல் இருக்கும். மற்றொன்று குங்குமம்போல் இருக்கும். இரண்டையும் கலந்து வைத்தால், தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அணி அழுக்கேறியதுபோல் தோன்றும்.

"தம்பி, எப்போதும் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடு கோணிவிடும்" என்பார். பெரிய சிவப்புக் கல்லை நடுவில் வைப்பார். அதன் இருபுறமும் மாங்காய் வடிவில் பச்சைக் கற்களை அடுக்குவார். ஒவ்வொரு வரிசைக்கும் கரையாக வெள்ளைக் கற்கள் வரும். ஒவ்வொரு கல்லும் ஒரு சிறு பித்தளைக் கூட்டுக்குள் அமர்ந்திருக்கும். அக்கூட்டின் துளைகளில் மஞ்சள் நூலைக் கோத்துத் துணியோடு இறுகத் தைப்பார். ஓரத்தில் ஜரிகைச் சரடும், கழுத்தை உறுத்தாமல் இருக்க உட்புறத்தில் பட்டுத் துணியும் வைப்பார்.

வேலை முடிந்ததும், அதனைப் பகலில் பார்த்து அவர் நிறைவு கொள்வதில்லை. இரவில் விளக்கை ஏற்றி, அணியைக் கூடத்தின் கோடியில் மாட்டிவிட்டு, வாயிற்படியில் நின்று பார்ப்பார். "நாடகம் இரவில் அல்லவா நடக்கும்? பகலில் அழகாயிருக்கும் கருநீலம் விளக்கின் மஞ்சள் ஒளியில் கறுப்பாகிவிடும். பின்வரிசையில் இருப்பவனும் காசு கொடுத்துத்தானே வருகிறான்? அவன் கண்ணுக்கும் அழகு தெரிய வேண்டாமா?" என்று அவர் கேட்பார்.

கண்ணாடி எப்படி இவ்வாறு மின்னுகிறது என்பதைப் பிற்காலத்தில் நான் நூல்களில் படித்து அறிந்தேன். கண்ணாடியை உருக்கும்போது ஈய ஆக்சைடைச் சேர்த்தால், அஃது ஒளியை மிகுதியாக வளைக்கும் ஆற்றலைப் பெறுகிறது. பல முகங்களாகப் பட்டை தீட்டி, பின்புறத்தில் வெள்ளி போன்ற பூச்சுக் கொடுத்தால், உள்ளே புகுந்த ஒளி திரும்பி நம் கண்ணை வந்தடைகிறது. கோபால்ட் நீலத்தைத் தரும். மாங்கனீசு ஊதாவைத் தரும். மிகச் சிறிதளவு பொன்னே கண்ணாடியைச் சிவக்கச் செய்யும்.

ஐரோப்பாவில் ரைன் ஆற்றங்கரையில் கிடைத்த பளிங்குக் கூழாங்கற்களை முன்னர் அணிகளில் பதித்தனர். அதனால் ரைன் கல் என்ற பெயர் பின்னர்க் கண்ணாடிக் கல்லுக்கும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரில் வாழ்ந்த ஸ்ட்ராஸ் என்னும் பொற்கொல்லர் இத்தகைய ஈயக் கண்ணாடிக் கற்களால் புகழ்பெற்றார். பல ஐரோப்பிய மொழிகளில் இன்றும் இக்கல்லுக்கு அவர் பெயரே வழங்குகிறது. 1892-ஆம் ஆண்டில் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி என்பவர் இவற்றைப் பட்டை தீட்டும் இயந்திரத்திற்கு உரிமம் பெற்றார். நம் நாடும் இக்கலையில் பின்தங்கியது அன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், அத்தை இவற்றையெல்லாம் அறிந்தவர் அல்லர். கைக்கும் கண்ணுக்கும் தெரிந்ததே அவர் கல்வி.

1968-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை எடுத்தனர். அந்த எழுச்சியில், எங்கள் பள்ளி ஆண்டு விழாவிலும் சிலப்பதிகார நாடகம் நடத்துவதென்று முடிவு செய்தார்கள். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. பாண்டிமாதேவி வேடம் எனக்குக் கிடைத்தது. அரசிக்கென்று அத்தை பத்து நாள் உழைத்து ஓர் அட்டிகை செய்தார். கண்ணகி உடைக்கும் சிலம்பிலிருந்து தெறிப்பதற்காக ஒரு கைப்பிடி சிவப்புக் கற்களையும் கொடுத்தார்.

அட்டிகையைக் கண்ட என் தோழர்கள் மலைத்துப் போனார்கள். "இஃது உண்மையான மாணிக்கமா?" என்று ஒருவன் கேட்டான். "ஆம், எங்கள் பாட்டியின் அட்டிகை, இரண்டாயிரம் ரூபாய் பெறும்" என்று நான் சொல்லிவிட்டேன். ஏன் அவ்வாறு சொன்னேன்? எங்கள் வீட்டில் பொன் இல்லை என்பது எனக்கு உள்ளூர உறுத்திக் கொண்டிருந்தது. அந்த ஒரு சொல்லால் அன்று மாலைக்குள் நான் பள்ளியில் பெரிய மனிதனாகிவிட்டேன்.

நாடகம் சிறப்பாக நடந்தது. "யானோ அரசன்" என்ற கருத்தில் பாண்டியன் வருந்தி வீழ்ந்தபோது கூட்டத்தில் பலர் கண்ணீர் விட்டனர். திரை விழுந்தது. வேடம் கலைக்கும்போது கழுத்தைத் தடவிப் பார்த்தேன். அட்டிகையைக் காணவில்லை!

"இரண்டாயிரம் ரூபாய் நகை போய்விட்டது" என்ற கூச்சல் எழுந்தது. மேடைக்குப் பின்னால் பெட்டி தூக்கவும் திரை இழுக்கவும் கூலிக்கு வந்திருந்த சிறுவன் ஒருவன் நின்றான். என் வயதுதான் அவனுக்கும். எல்லாருடைய பார்வையும் அவன்மேல் சென்றது. அவன் மடியைச் சோதித்தார்கள். "காவலரிடம் ஒப்படைத்தால் உண்மை வரும்" என்றார் ஒருவர். செய்தியறிந்து ஓடிவந்த அவன் தந்தை, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரையும் கும்பிட்டார். வயலில் நாள் முழுதும் உழைத்த அந்த மனிதர், இரண்டாயிரம் ரூபாயைத் தம் வாழ்நாளில் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்.

அட்டிகையின் விலை என்ன என்பதை அந்த இடத்தில் அறிந்தவன் நான் ஒருவனே. ஆயினும் என் வாய் திறக்கவில்லை. அரங்கின்மேல், ஆராயாது தீர்ப்பளித்த மன்னனைக் கண்டு அழுதோம். அரங்கின் பின்னே அதே பிழையைச் செய்துகொண்டிருந்தோம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தார். நடந்ததைக் கேட்டார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லாரும் கேட்கும்படி, "அது கண்ணாடிக் கல். நான் செய்தது. மூன்றே முக்கால் ரூபாய்க்குக் கல் வாங்கினேன். மீதி என் கை வேலை. விலை எதுவாயினும், எடுத்ததைப் பார்க்காமல் ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்லலாமா? முதலில் தேடுங்கள்" என்றார்.

கூட்டம் அடங்கியது. சிலர் சிரித்தார்கள். அத்தை அதனைப் பொருட்படுத்தாமல், சுருட்டி வைத்திருந்த திரையைக் கீழே பிரிக்கச் சொன்னார். மூன்றாவது மடிப்பில் அட்டிகை தொங்கிக் கொண்டிருந்தது. நான் மேடையை விட்டு விரைந்து வந்தபோது முடிச்சு அவிழ்ந்து, ஜரிகைச் சரடு திரையின் நூலில் சிக்கியிருக்கிறது.

வீடு திரும்பும் வழியில் அத்தை என்னை அடிக்கவில்லை, வையவும் இல்லை. நெடுநேரம் கழித்து, "தம்பி, கண்ணாடி ஒருநாளும் தன்னை மாணிக்கம் என்று சொல்லிக்கொண்டதில்லை. நீதான் சொன்னாய்" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அட்டிகையை எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரையோரம் இருந்த அச்சிறுவனின் குடிசைக்குச் சென்றேன். தெருவார் கூடி நிற்க, "நான் பொய் சொன்னேன், அதனால்தான் உனக்கு இந்தப் பழி வந்தது. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அட்டிகையைக் காட்டும்படி கையை நீட்டினான். வாங்கி, வெயிலில் பிடித்து, இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்தான். "அழகாக இருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். திருடினான் என்று நாங்கள் குற்றம் சாட்டிய பொருளை அவன் அப்போதுதான் முதன்முதலாகக் கையில் தொட்டான்! அந்த எண்ணம் என் நெஞ்சைச் சுட்டது, இன்றும் சுடுகிறது.

பல ஆண்டுகளுக்குப் பின், தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைப் பற்றி ஓர் அறிஞர் விளக்கக் கேட்டேன். முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் இறைவனுக்கு அளித்த அணிகலன்கள் அங்கே வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்த எடையும், பதித்த கற்களின் தொகையும் அவற்றில் காணப்படுகின்றன. அதுமட்டுமன்று, எந்தக் கல்லில் வெடிப்பு உண்டு, எதில் புள்ளி உண்டு என்ற குறைகளும் எழுதப்பட்டுள்ளன. பேரரசன் அளித்த மணியின் குறையை மறைக்க அக்காலத்தவர் எண்ணவில்லை. உள்ளதை உள்ளவாறு சொல்வதே பெருமை என்று அவர்கள் கருதினர். எழுத்தறியாத என் அத்தையும் அந்த மரபில் வந்தவரே என்று அன்று உணர்ந்தேன்.

அத்தை இப்போது இல்லை. அட்டிகை என்னிடம் இருக்கிறது. ஈரம் பட்டுப் பின்பூச்சு அரித்ததால் சில கற்கள் கறுத்துவிட்டன. தையல் மட்டும் ஓரிடத்திலும் விடவில்லை. என் பேத்தி ஒருநாள் அதனை எடுத்துப் பார்த்து, "தாத்தா, இவை என்ன கற்கள்?" என்று கேட்டாள்.

"கண்ணாடிக் கற்கள் அம்மா. உன் கொள்ளுப்பாட்டி முறையான ஒருவர் தம் கையால் தைத்தவை" என்றேன்.

மாணவர்களே! கண்ணாடி கண்ணாடியாக இருக்கும்வரை அதில் இழிவு இல்லை. கைத்திறனும் உழைப்பும் சேர்ந்தால் அதுவும் கண்ணுக்கு விருந்தாகும். இல்லாததை உண்டென்று சொல்லும் நம் நாவே அதனைப் போலி ஆக்குகிறது. அந்தப் பொய்யின் சுமையோ, பெரும்பாலும் அதனைச் சொன்னவன் தலையில் விழுவதில்லை. அருகில் நிற்கும் எளியவன் தலையில் விழுகிறது. இதனை நான் பன்னிரண்டு வயதில் கற்றேன். கற்பித்த ஆசான், மூன்றே முக்கால் ரூபாய்க் கண்ணாடிக் கற்கள்.