ஓகே அழுத்தினால் சம்மதமா?

விடுதி அறையில் இரவு பதினொரு மணி இருக்கும். எங்களில் இளையவன், முதலாமாண்டு மாணவன், கைப்பேசியைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "எல்லாம் போச்சுண்ணே" என்றான்.

இரண்டு வாரமாக ஓர் ஆன்லைன் கேமில் மரம் வெட்டி, தாது தோண்டிச் சேர்த்தவன் அவன். அன்று புதிய பகுதி ஒன்றுக்குள் நுழைந்திருக்கிறான். நாலு பேர் சுற்றி வளைத்துக் கொன்று, சுமையையும் கவசத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் இப்படி என்று சாட்டில் கேட்டதற்கு வந்த பதில்: இது பிவிபி கேம், பிடிக்கவில்லை என்றால் போய்விடு.

"பிவிபின்னா என்னண்ணே?"

பிளேயர் வெர்சஸ் பிளேயர், ஆளும் ஆளும் மோதுவது என்றோம். கணினி இயக்கும் பூதங்களோடு மோதினால் அது பிவிஇ என்றோம். "நான் யாரோடயும் மோதலையே. கல்லுதானே வெட்டிட்டு இருந்தேன்" என்றான். வருடக்கணக்கில் கேம் ஆடுகிற எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

அன்றிரவு கேம்களுக்கு ஒட்டப்படும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தோம். எஃப்பிஎஸ் என்றால், சுடுகிறவனின் கண் வழியாகக் காட்சி தெரியும் என்று பொருள். அந்தப் பெயர் கேமரா எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. எம்எம்ஓஆர்பிஜி என்றால் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் வேடம் ஏற்று ஆடுவது. அது ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. பேட்டில் ராயல் என்றால் கடைசி வரை உயிரோடு இருப்பவருக்கு வெற்றி. பிவிபி, யார் யாரோடு மோதுகிறார்கள் என்று சொல்கிறது. அடி வாங்குகிறவன் சண்டைக்கு ஒப்புக்கொண்டானா? தோற்றால் அவனிடமிருந்து எது போகும்? அவன் எதைக் கையில் வைத்துக்கொண்டு களத்துக்கு வந்தான்? இந்த மூன்று கேள்விகளுக்கும் எந்தப் பெயரிலும் பதில் இல்லை. சதுரங்கமும் ஆளும் ஆளும் மோதுவதுதான். வழியில் போகிறவனை மடக்கிப் பறிப்பதும் ஆளும் ஆளும் மோதுவதுதான். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் யாருக்கு வசதி?

இது புதிய சண்டை இல்லை தோழர்களே. 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் 'அல்டிமா ஆன்லைன்' என்ற கேமை வெளியிட்டது. அதில் தையல்காரராகலாம், கொல்லராகலாம், சுரங்கத்தில் தாது தோண்டலாம். ஊருக்குள் காவலர்கள் உண்டு. ஊர் எல்லை தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம், பிணத்திலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளலாம். கொலைகாரர்களை ஆட்டக்காரர்களே கூடி அடக்கிவிடுவார்கள் என்று வடிவமைத்தவர்கள் நம்பினார்கள். கொலைகாரனின் பெயர் சிவப்பில் தெரியும்படியும் செய்தார்கள். ஆனாலும் சுரங்க வாசலிலும் குகை வாசலிலும் கும்பல்கள் காத்து நின்றன. புதிதாக வந்தவர்கள் செத்துச் செத்து வெறுத்துப் போனார்கள்.

அந்தக் கேமில் ஒரு விதி எங்களை உலுக்கியது. செத்தவன் ஆவியாக அலைவான். அவன் எதைத் தட்டச்சு செய்தாலும் உயிரோடிருப்பவர்களின் திரையில் 'ஊ ஊ' என்றுதான் தெரியும். ஆவியோடு பேசும் திறனைப் பயிற்சி செய்து வளர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் அவன் சொல்வது விளங்கும்.

2000-ஆம் ஆண்டு நிறுவனம் அந்த உலகத்தை இரண்டாக்கியது. ஃபெலுக்கா பழைய விதிகளோடு தொடர்ந்தது. அதன் நகலான டிராமலில் சம்மதம் இல்லாதவரைக் கொல்ல முடியாது. பெரும்பாலோர் டிராமலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஃபெலுக்கா வெறிச்சோடியது. டிராமல் கேமையே கொன்றுவிட்டது என்ற புலம்பலை இன்றும் கேட்கலாம். அதில் ஒரு பகுதி நியாயம்தான். ஆபத்து இருந்த காலத்தில் சேர்ந்து நடந்தார்கள், ஒருவரையொருவர் காத்தார்கள், அந்தத் தோழமை பிறகு தளர்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சண்டையை யாரும் தடை செய்யவில்லை. சண்டை வேண்டியவர்களுக்கு ஃபெலுக்கா அப்படியே திறந்திருந்தது. அங்கே சண்டைக்குத் தயாரானவர்கள் மட்டும் மிஞ்சியபோது வேட்டைக்காரர்களுக்குச் சலித்துவிட்டது. அப்படியென்றால் அவர்கள் தேடியது எதிராளியையா, இரையையா?

2003-இல் ஐஸ்லாந்தின் சிசிபி வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' வேறு வழியில் போனது. அங்கே விண்வெளிப் பகுதிகளுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் உண்டு. 0.5-உம் அதற்கு மேலும் உயர் பாதுகாப்பு. அங்கே தாக்கியவனின் கப்பலைக் 'கான்கார்ட்' என்ற காவல்படை அழித்துவிடும். ஆனால் அது தாக்கிய பிறகுதான் வரும். தன் கப்பல் போனாலும் பரவாயில்லை என்று வருகிறவனிடமிருந்து சரக்குக் கப்பலை அது காப்பாற்றாது. நிலையத்தை விட்டுக் கப்பலை வெளியே எடுத்தாலே சண்டைக்குச் சம்மதித்ததாகப் பொருள் என்று பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்வார்கள். ஒளிவுமறைவில்லாத பேச்சு என்ற அளவில் அதை மதிக்கிறோம். முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' பிவிபி சர்வர், சாதாரண சர்வர் என்று தனித்தனியாகப் பிரித்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டு 'வார் மோட்' கொண்டுவந்தார்கள். சண்டை வேண்டும் என்கிறவர் ஊருக்குள் அதைப் போட்டுக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். போட்டுக்கொண்டவருக்குக் கூடுதல் பலன் உண்டு. பிறகு எண்ணிக்கையில் குறைந்த அணிக்கு அந்தப் பலனை இன்னும் உயர்த்தினார்கள். விதி எல்லோருக்கும் ஒன்று என்பதால் மட்டும் களம் சமமாகிவிடாது என்பது கேம் கம்பெனிக்கே புரிந்திருக்கிறது.

எங்கள் கதையையும் சொல்லியாக வேண்டும். இளையவனைக் கொன்ற நால்வரைத் திட்டித் தீர்த்த பிறகு எங்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், நாமளும் கேட்ல நின்னுருக்கோம்." உண்மை. இரண்டு வருடம் முன்பு அதே போன்ற கேமில், ஒரு விடுமுறை முழுக்க நுழைவாயில் பக்கத்தில் மறைந்திருந்து புதியவர்களை அடித்தோம். ஒருவன் தன் மொழியில் என்னவோ எழுதினான். புரியவில்லை. சிரித்தோம். திறமை இருந்தால் தப்பித்திருப்பான் என்றோம். எங்கள் கவசம் எட்டு மாத உழைப்பு, அவன் வந்தது முந்தின நாள். களம் எல்லோருக்கும் ஒன்றுதான், தோற்றால் உன் திறமை போதாது என்ற பேச்சைக் கல்லூரியில் எத்தனை முறை கேட்டுக் கொதித்திருக்கிறோம்! கையில் நல்ல கவசம் வந்ததும் அதே பேச்சு எங்கள் வாயிலிருந்தும் வந்தது. கேம்தானே என்று இதைத் தள்ளிவிட எங்களால் முடியவில்லை.

மறுநாள் இளையவனின் கைப்பேசியை வாங்கி அந்த எல்லைக்குப் போய்ப் பார்த்தோம். எச்சரிக்கை வரத்தான் செய்தது. இங்கே உங்கள் பொருள் அனைத்தையும் இழக்க நேரிடும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே ஓகே. "ஓகேன்னு இருந்துச்சு, அழுத்திட்டேண்ணே" என்றான். படிக்க முடியாத மொழியில் கேட்டு வாங்கிய சம்மதம், சம்மதமாகுமா?

பிவிபி கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. வெறும் பூதங்களை அடிப்பதில் கிடைக்காத துடிப்பு அதில் இருக்கிறது. தெரிந்து இறங்கி, தோற்று, எதிராளிக்கு 'நல்ல ஆட்டம்' என்று எழுதிய இரவுகள் எங்களுக்கு உண்டு. நாங்கள் கேட்பது சின்ன விஷயம்தான். பெயரைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். இது பிவிபி கேம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொண்டது யார், போவது எது, யார் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

இப்போது எங்கள் அறையில் ஒரு வழக்கம். யார் புதிய கேம் இறக்கினாலும் அதன் எச்சரிக்கைகளை முதலில் சத்தமாகத் தமிழில் சொல்ல வேண்டும். போன வாரம் இளையவன் மறுபடி அந்தப் பகுதிக்குப் போனான். இந்த முறை பழைய கவசம், காலி மூட்டை, கூட நாங்கள் மூன்று பேர். ஓகே அழுத்தும் முன் நாலு வரியையும் அவனே படித்துச் சொன்னான். இரண்டு இடத்தில் தடுமாறினான். காத்திருந்தோம்.