வாத்துக் காலும் அடைபட்ட சிங்கும்

நாங்கள் ஜேர்மனிக்கு வந்த முதல் வருடம். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். வெளிச்சக்கூடு பிடித்து ஊர்வலம் போய்வந்த பிள்ளைகள், "எல்லார் வீட்டிலயும் வாத்தாம், எங்கட வீட்டில ஏன் இல்லை?" என்று கேட்டார்கள். ஆயர் பதவிக்குப் பயந்து மார்ட்டின் வாத்துக் கூட்டுக்குள் ஒளிந்தாராம், வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்தனவாம். அந்தக் குற்றத்துக்கு இன்றும் அவைதான் சாகின்றன.

முழு வாத்துக்கு எங்கள் சம்பளம் காணாது. கால் தனியாக விற்கிறார்கள். இரண்டு வாங்கி, கோழியைப் போலத் துண்டாக்கித் தூள் போட்டுக் காய்ச்சினோம். இறைச்சி செருப்புத்தோல். மேலே இரண்டு விரல் எண்ணெய். அதை அப்படியே சிங்கில் ஊற்றினோம். இரவோடிரவாகக் குழாய்க்குள் உறைந்து, கீழ்வீடு வரை அடைத்துவிட்டது. திருத்த வந்தவருக்குக் கொடுத்த காசில் முழு வாத்தே வாங்கியிருக்கலாம்.

மேல்வீட்டு ஜேர்மன் அம்மாதான் பிறகு காட்டித் தந்தார். தோலை உரிக்கவே கூடாது. ஊசியால் தோலில் மட்டும் குத்த வேண்டும், இறைச்சியில் படக்கூடாது. அடித்தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, 160 பாகையில் இரண்டு மணித்தியாலம். அவசரப்பட்டால் கொழுப்பு இறங்காது. கடைசிப் பத்து நிமிடம் உப்புத்தண்ணீர் பூசிச் சூட்டைக் கூட்டினால் தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். சிவப்புக் கோவாவும் உருளைக்கிழங்கு உருண்டையும் பக்கத்தில் வைப்பார்கள். நாங்கள் சோறும் வைத்தோம்.

இறங்கிய கொழுப்பை வடித்துப் போத்தலில் விட்டுக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். கிழங்கு பொரிக்க அதுபோல ஒன்றில்லை. இவர்கள் உப்புத் தூவிப் பாணிலும் பூசுகிறார்கள். கொழுப்பென்று முகம் சுளிக்கும் எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வாத்துக் கொழுப்பில் நிரம்பிய கொழுப்பு மூன்றில் ஒரு பங்கும் இல்லை. நாங்கள் தாராளமாக விடும் தேங்காயெண்ணெயில் அது ஐந்தில் நாலு பங்கு.

அதற்காக மருந்தென்று நினைத்து உண்ண வேண்டாம். தோலோடு வாட்டிய வாத்து 100 கிராமில் புரதம் 25 கிராம், கொழுப்பு 22 கிராம், 300 கலோரிக்கு மேல். தோலை எடுத்தால் கொழுப்பு 13 கிராம் அளவுக்கு இறங்கும். வருடத்தில் ஒரு நாளைக்கு, இரவு வேலை முடித்து வருகிறவனுக்கு அது பரவாயில்லை. எங்களோடிருக்கும் ஐயாவுக்குக் கொலஸ்ட்ரோல். வாட்டி முடிந்ததும் தோலை எடுத்துவிட்டுத்தான் அவருக்குப் போடுகிறோம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், பிள்ளைகளின் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார்.