விஸ்வநத்தத்தில் ஒரு சீனத்துத் தட்டு

சிவகாசிக்குப் போகிறவர்கள் பட்டாசு வாங்குவார்கள். இல்லாவிட்டால் காலண்டருக்கு ஆர்டர் கொடுப்பார்கள். சிவகாசியை ஒட்டினாற்போல் இருக்கும் விஸ்வநத்தத்துக்கு, பழைய சீனப் பீங்கான் பார்க்கப் போனேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கரிசல் மண், காய்கிற வெயில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசுக் கொட்டகைகள்: இதில் சீனா எங்கே வந்தது?

வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர்களே சீனர்கள்தானே! அந்த வித்தையை வைத்துத்தான் இந்த வட்டாரமே பிழைக்கிறது. அதே சீனர்களின் இன்னொரு வித்தை நம் வீட்டுப் பரணில் ஊறுகாய் ஜாடியாக உட்கார்ந்திருக்கிறது. பீங்கான் என்ற சொல்லே கடல் கடந்து வந்ததுதான். பாரசீகத்தில் அது கிண்ணம்; மலாய் மொழியில் அது தட்டு.

தென் ஜில்லாக்களில் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ பர்மா, மலாயா, இலங்கை என்று கப்பலேறிய குடும்பங்கள் எத்தனையோ. விஸ்வநத்தத்தில் நான் போன வீடும் அப்படிப்பட்டதே. வீட்டு அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். முற்றத்தில் பாய் விரித்து மூன்று சாமான்களை எடுத்து வைத்தார்: இடுப்பளவு உயரமுள்ள பழுப்பு ஜாடி ஒன்று, நீலச் சித்திரம் போட்ட தட்டு ஒன்று, பூவும் பட்சியுமாக ஜொலிக்கிற பூச்சாடி ஒன்று.

"ஜாடியும் தட்டும் எங்க மாமனார் ரங்கூன்லேருந்து கொண்டாந்தது. பூச்சாடி மட்டும் நாலு வருஷத்துக்கு முந்தி நான் வாங்கினது. முந்நூறு வருஷத்துச் சாமான்னு சொல்லித்தான் கொடுத்தாங்க" என்றார்.

விஷயம் வேடிக்கை பார்ப்பதோடு நிற்கவில்லை. ஜாடிக்கும் தட்டுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் ரூபாய் தருகிறேன் என்று ஒரு வியாபாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேத்திக்குக் காலேஜ் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். கொடுத்து விடலாமா, கூடாதா?

அந்த அம்மாளின் தங்கை மகன் அச்சாபீஸில் வேலை பார்க்கிறவர். சட்டைப் பையில் சின்ன லென்ஸ் ஒன்று வைத்திருந்தார். நாலு வர்ண அச்சில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கிற கண்ணாடி அது. அதைப் பூச்சாடியின் மேல் வைத்துப் பார்க்கும்படி சொன்னேன். பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"பெரியம்மா, இது நம்ம ஆபீஸ் காலண்டர் மாதிரியே இருக்கு! அத்தனையும் புள்ளி புள்ளியா தெரியுது!"

படத்தைத் தாளில் அச்சடித்து, அதைச் சாடியின் மேல் ஒட்டிச் சுட்டு எடுக்கிற முறை இது. முந்நூறு வருஷத்துக்கு முன் ஏது நாலு வர்ணப் புள்ளி அச்சு? தூரிகையால் எழுதிய பூவாக இருந்தால் சாயம் ஓரிடத்தில் தேங்கிக் கறுத்து, ஓரிடத்தில் மெலிந்து ஓடியிருக்கும். சிவகாசிப் பக்கத்து ஜனங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். ஆனால் ஒன்று: புள்ளி இல்லாததெல்லாம் பழசு என்று முடிவு கட்டி விடாதீர்கள். சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டேஜென் நகரத்தில் இன்றைக்கும் பழைய மாதிரிகளைக் கையாலேயே எழுதுகிறார்கள்.

அடுத்தது தட்டு. நம்மில் பலர் முதலில் அடியைத் திருப்பி முத்திரையைத் தேடுவோம். அங்கே ஆறு சீன எழுத்துக்கள் இருந்துவிட்டால், இன்ன சக்கரவர்த்தி காலத்தது என்று நெஞ்சு நிமிர்ந்து போகிறது. என் அபிப்பிராயத்தில் கடைசியாக நம்ப வேண்டியது அந்த முத்திரையைத்தான். காங்ஸி சக்கரவர்த்தி காலத்துக் (1662–1722) குயவர்கள், தங்களுக்கு இருநூறு வருஷம் முந்திய செங்ஹுவா சக்கரவர்த்தியின் பெயரை எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் வந்தவர்களோ காங்ஸியின் பெயரை எழுதினார்கள். எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. முன்னோருக்குச் செய்த மரியாதையும் அதில் உண்டு. செங்ஹுவா காலத்துக் கோழிச் சித்திரக் கிண்ணம் ஒன்று, உள்ளங்கை அகலம்தான், 2014-ல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போயிற்று. வாங்கிய செல்வர் அதில் டீ ஊற்றிக் குடித்தாராம்! அந்தக் கிண்ணத்தைப் பார்த்துச் செய்த நகல்களுக்குக் கணக்கே இல்லை.

முத்திரையை விட அடிவளையத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே பளபளப்புப் பூச்சு இராது. பச்சை உடம்பு தெரியும். பல காலம் மேஜையிலும் தரையிலும் தேய்ந்த அடி, விரலுக்கு வழவழவென்று படும். பழுப்பு நிறம் ஏற்றுவதற்காகத் தேயிலைச் சாற்றில் ஊற வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கறை எங்கும் ஒரே சீராக இருக்கும். அதேபோல் தட்டின் நடுவில் கீறல்களைப் பாருங்கள். கரண்டி பட்ட கீறல் ஒரு கணக்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல் வரிசையாக ஒரே திசையில் போகும். மானாமதுரைப் பானையை நீங்கள் சுண்டிப் பார்த்து வாங்குகிறீர்களே, அது இங்கே அரைப் பரீட்சைதான். விரிசல் உண்டா என்று சொல்லும், வயதைச் சொல்லாது.

அந்த அம்மாள் வீட்டுத் தட்டில் சாயம் தூரிகையில் ஓடியிருந்தது. கீறல்களும் நியாயமாக இருந்தன. முத்திரை காங்ஸி என்கிறது; அதை நான் ஏற்கவில்லை. அது ரங்கூன் கடைத் தெருவில் சாதாரணமாக விற்ற நூறு வருஷத்துச் சாமான் என்றே எனக்குத் தோன்றியது.

ஜாடிதான் என்னைக் கவர்ந்தது. தோளில் காது காதாக வளையங்கள். உள்ளே கையை விட்டால் இரண்டு பாதிகளைச் சேர்த்த மேடு தட்டுகிறது. அச்சில் வார்த்த இந்தக் காலத்து ஜாடியில் அது இராது. இந்த ஜாதிக்கு மர்த்தபான் ஜாடி என்று பெயர். பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தால் வந்த பெயர். தென் சீனாவிலும் செய்தார்கள், பர்மாவிலும் செய்தார்கள். ஆக, இது சீனத்து ஜாடியே இல்லாமலும் இருக்கலாம். அதனால் மதிப்புக் குறைந்து விடுமா?

"மாமனார் எந்த வருஷம் வந்தார்?" என்று கேட்டேன்.

"யுத்தத்துக்கு முந்தியே சாமானெல்லாம் கப்பல்லே அனுப்பிட்டாக. அவுக மட்டும் 42-லே நடந்தே வந்தாக" என்றார்.

1942-ல் ஜப்பானியருக்குப் பயந்து, காட்டிலும் மலையிலும் நடந்து வந்தவர்கள் இடுப்பளவு ஜாடியையா சுமந்து வருவார்கள்? கப்பலில் அனுப்பினார்கள் என்பது பொருந்துகிற பேச்சு. அந்தக் காலத்துக் கப்பல் ரசீதோ கடிதமோ டிரங்குப் பெட்டியில் அகப்பட்டால், அது நூறு முத்திரைக்குச் சமம். தேடிப் பார்க்கச் சொன்னேன்.

நிஜமான பழைய பீங்கானை, பொய்க்கு இடமே இல்லாமல் பார்க்க வேண்டுமா? உடைந்ததைப் பாருங்கள்! 1985-ல் ஜில்லா பிரிகிறவரை சிவகாசியோடு ஒரே ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது பெரியபட்டினம் என்ற கடற்கரை ஊர். அங்கே தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பச்சை மெருகேற்றிய செலடன் ஓடுகள்தாம் அவற்றில் அதிகம். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் அவற்றை ஆராய்ந்தார்கள். 1015-ல் சோழர் தூதர்கள் சீன அரசவைக்குப் போனதும், 1281-ல் சீனத்து சுவான்சௌ நகரில் தமிழ்க் கல்வெட்டு வெட்டியதும் ஏட்டில் படித்த சங்கதிகள். இந்த ஓடுகளோ கையில் எடுத்துப் பார்க்கக் கூடியவை. உடைந்த விளிம்பில் மண்ணின் நிறம், பூச்சின் கனம் எல்லாம் தெரிகின்றன. ஓட்டைப் பார்த்துப் பழகிய கண்ணைத்தான் முழுச் சாமானில் ஏமாற்றுவது கஷ்டம்.

சட்டத்தையும் சொல்லி விடுகிறேன். 1972-ல் வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருள்களைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவிலிருக்கும் மகளுக்குப் பாட்டி ஜாடியைக் கட்டி அனுப்ப நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வியாபாரியிடம் இந்த மாதம் பதில் சொல்ல வேண்டாம், விஷயம் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டிவிட்டு விலை பேசலாம் என்று அந்த அம்மாளிடம் சொல்லி வந்தேன். கட்டணத்துக்கு அச்சாபீஸ் தம்பி கைமாற்று வாங்கித் தருவதாக ஒப்புக் கொண்டார். தட்டைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்க வேண்டாம், வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும் என்றேன். ஜாடியில் வருஷத்துப் புளியைத் திரும்பக் கொட்டி வைக்கலாமா என்று கேட்டார். அவ்வளவு பாரம் வேண்டாம், கொஞ்ச நாளைக்குக் காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.