பாடிப் போனா திரும்பி வரணும்!

“தருமபுரியில எப்பங்க சீசன்?”னு யாரையாவது கேட்டுப் பாருங்க... ஆளுக்கொரு பதில் வரும். காவிரியில் தண்ணி கூடுச்சுன்னா ஒகேனக்கல் சீசன். மே மாசம் பொறந்தா காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மாங்கா சீசன். மாசி, பங்குனியில் புளி சீசன். ஆனா, எங்க ஏரியா காலேஜ் பசங்ககிட்ட கேட்டீங்கன்னா ஒரே பதில்தான்... கபடி சீசன்!

லடாக்கில் லே நகரத்துப் பசங்க காலங்காலமா ஒரு விஷயத்துக்காகக் காத்துக்கிடப்பாங்க. டிசம்பர் குளிரில் குளம் உறைஞ்சு பாறையாகணும். அப்பதான் ஐஸ் ஹாக்கி மட்டையை வெளியே எடுக்க முடியும். பனி இளகிட்டா ஆட்டம் க்ளோஸ். நம்ம ஊர்ல ஐஸுன்னா சர்பத் கடையில் மட்டும்தான் பாஸ்! ஆனா, தரையைப் பார்த்துக் காத்துக்கிடக்கிற கதை இங்கேயும் அதேதான். மழை பெஞ்சா சேறு, ரொம்பக் காய்ஞ்சா காங்க்ரீட். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பதம் இருக்கு. அந்தப் பதத்துக்காகத்தான் தினமும் சாயங்காலம் 4 மணிக்கு மண்வெட்டியும் குடமுமா இறங்குறாங்க, அரூர் பக்கம் இருக்கிற ஒரு கலைக் கல்லூரியின் கபடி டீம்.

நான் படிக்கிறது இன்ஜினீயரிங். எங்க காலேஜில் ‘கேம்ஸ் பீரியட்’ங்கிறது டைம் டேபிளில் மட்டும்தான் இருக்கும். அதனாலயே ஒரு சீசன் முழுக்க இந்த டீம் பின்னாடி சுத்தணும்னு ஆசை. பர்மிஷன் கேட்டப்ப பி.டி. சார் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். “கூட வரலாம் தம்பி. ஆனா, கோடு போடற சுண்ணாம்பு மூட்டையை நீதான் தூக்கணும்.” டீல்!

மொத்தம் 12 பேர். ஏழு பேர் களத்தில், அஞ்சு பேர் வெளியே. மொரப்பூர், கம்பைநல்லூர், பாப்பிரெட்டிப்பட்டி, தீர்த்தமலைன்னு ஆளுக்கொரு திசை. முதல் வருஷம் படிக்கிற லெஃப்ட் கார்னர் பையன் சித்தேரி மலைக்காரன். கடைசி பஸ்ஸை விட்டா மலைக்குப் போக வழி இல்லை. அதனால ப்ராக்டிஸ் முடியறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே அவன் கண்ணு ரோட்டுப் பக்கம் போயிடும். “டேய், ரைடரைப் பாருடா, பஸ்ஸைப் பாக்காத!”ன்னு சார் கத்துறது தினசரி நிகழ்ச்சி.

டீமோட ஹீரோ, மூணாம் வருஷம் பி.காம் படிக்கிற ரைடர். ஜெர்ஸி நம்பர் 7. எல்லாரும் அவரைக் கூப்பிடறது ‘ஏழு அண்ணா’. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா ஊர்ல ஆடு மேய்க்கறாங்க. “எங்கப்பா ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் ஏறுவாரு. மறுபடி தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான் பாக்க முடியும்” என்கிறார் சாதாரணமாக.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி போய்ப் பாருங்க, இது எவ்வளவு சாதாரணம்னு தெரியும். பெங்களூரு, ஓசூர், திருப்பூர்னு போர்டு போட்ட ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளேயும் பையும் பாத்திரமுமா ஒரு ஊரே ஏறும். மழையை நம்பின மானாவாரிக் காடு. கேழ்வரகும் சாமையும் விளையும்... ஆனா, வருஷம் பூரா வேலை கொடுக்காது. 1965-ல் சேலத்திலிருந்து பிரிஞ்சு தனி மாவட்டமான ஊர் இது. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் போனப்ப ஓசூர் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் போயிடுச்சு. வேலை அங்கே, வீடு இங்கே!

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எங்க ஊர்ப் பெருசுங்க யாரும் ‘ரைடு போறான்’னு சொல்ல மாட்டாங்க. ‘பாடப் போறான்’னுதான் சொல்வாங்க. சடுகுடு பாடிக்கிட்டே எதிரி களத்துக்குள்ளே போகணும், தொடணும், மூச்சு விடாம திரும்பி வரணும். இப்ப ரூல்ஸ்படி ஒரு ரைடுக்கு 30 செகண்ட். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 20 நிமிஷம், 5 நிமிஷம் ரெஸ்ட், மறுபடி 20 நிமிஷம். கேட்க ஈஸியா இருக்குல்ல? ஒரு தடவை சும்மா உள்ளே போய் நில்லுங்க. ஏழு பேர் கையைக் கோத்துக்கிட்டு அரைவட்டமா உங்களைச் சுத்தி நகரும்போது, உங்க நடுக்கோடு ஊருக்கு வெளியே இருக்கற மாதிரித் தெரியும்!

இந்த டீமுக்கு ஒரு பெரிய சிக்கல்... மேட்! பிராக்டிஸ் மண்ணுல, யுனிவர்சிட்டி மேட்ச் மேட்டுல. செமஸ்டரில் எனக்கு மார்க் வாங்கித் தராத ஃப்ரிக்‌ஷன் பாடம் இங்கேதான் புரிஞ்சுது. மண்ணுல வெறுங்கால். கால் லேசா வழுக்கும். அந்த வழுக்கலை வெச்சே ஒரு நல்ல ரைடர் பிடியிலிருந்து நழுவிடுவார். மேட்டுல ஷூ போட்டு ஆடணும். கால் கவ்விப் பிடிக்கும். வேகம் கூடும், ஆனா, மண்ணுல பழகுனவன் அதே வேகத்துல திரும்பினா கணுக்கால் பிசகிடும். அதனால வாரத்துல ஒரு நாள், மேட் வெச்சிருக்கிற வேற ஒரு காலேஜுக்கு பஸ் ஏறிப் போறாங்க. டிக்கெட் காசு அவங்கவங்க பாக்கெட்டிலிருந்து.

செப்டம்பரில் முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிக்காக தருமபுரி போனோம். காலையில் சீக்கிரமே இறங்கிட்டோம். மேட்ச்சுக்கு நேரம் இருந்துச்சு. சார் எங்களை நேரா ஊருக்குள் இருக்கிற அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். “கபடிக்கும் மியூசியத்துக்கும் என்னா சார் சம்பந்தம்?”னு முணுமுணுத்துக்கிட்டே உள்ளே போனவங்க, நடுகற்கள் முன்னாடி நின்னுட்டாங்க.

தகடூர்னு பேர் இருந்த காலத்திலிருந்தே இது மாடு வளர்த்த மண். அடுத்த ஊர் மாட்டு மந்தையைக் கவர்ந்து வர்றது வெட்சி. அதைப் போராடி மீட்கறது கரந்தை. ப்ளஸ் டூ தமிழில் நாம மார்க்குக்காக மனப்பாடம் பண்ணோமே... அது இங்கே கல்லா நிக்குது. ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள், சில கல்லுல உடம்பில் தைச்ச அம்பு. சிலதுல வட்டெழுத்து. பல்லவர் காலத்துக் கல்லெல்லாம் இந்த மாவட்டத்துல கிடைச்சிருக்கு. ராஜாவுக்கு இல்லை பாஸ், மாட்டுக்காக செத்துப்போன ஊர்க்காரனுக்கு வெச்ச கல்லு!

ரைட் கார்னர் அண்ணன் தலையைச் சாய்ச்சுப் பார்த்துட்டு, “சார், இவரு ரைடரா... டிஃபெண்டரா?”ன்னு கேட்டார். மொத்த டீமும் சிரிச்சுது. சார் சிரிக்கலை. “ரெண்டு பேருக்குமே கல்லு வெச்சிருக்காங்கப்பா. மாட்டை ஓட்டிட்டு வரப் போனவனுக்கும் உண்டு, மீட்கப் போனவனுக்கும் உண்டு. ஆனா, ஒண்ணு கவனிச்சீங்களா? திரும்பி வந்தவனுக்கு இங்க கல்லு கிடையாது. நமக்குக் கல்லு வேணாம்... பாடிப் போனா கோட்டைத் தொட்டுட்டு வந்து சேருங்க!”

அன்னிக்கு ரெண்டு மேட்ச் ஜெயிச்சு, மூணாவதுல தோத்தாங்க. திரும்பி வர்ற பஸ்ஸில் யார் முகத்திலும் பெரிசா சோகம் இல்லை. காரணம், அவங்க குறி வேற. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரின்னு நாலு மாவட்டக் காலேஜுங்க மோதற இடம். அங்கே நல்லா ஆடினா யுனிவர்சிட்டி டீம். அதுல இடம் கிடைச்சா தென்மண்டலப் போட்டி. அந்த சர்டிஃபிகேட் வெறும் பேப்பர் இல்லை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகிதம் இடஒதுக்கீடு இருக்கு. ‘ஏழு அண்ணா’ மாதிரி ஒருத்தருக்கு அது பெங்களூரு பஸ் ஏறாம இருக்கிறதுக்கான டிக்கெட்!

அக்டோபரில் டீமுக்கு ஒரு பூஸ்ட் கிடைச்சுது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் இந்திய ஆண்கள், பெண்கள் ரெண்டு அணியும் தங்கம். ஒன்றில் வடுவூர் அபினேஷ், இன்னொன்றில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அதே மாசம்தான், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் ஜெயிச்ச மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவி எடுத்த ‘பைசன்’ படமும் ரிலீஸ். அரூர் தியேட்டர் வாசலிலேயே நம்ம லெஃப்ட் கார்னர் ஒருத்தனுக்கு ‘ஆங்கிள் ஹோல்டு’ போட்டுக் காட்டினான்னா பாத்துக்கோங்க!

தீபாவளி முடிஞ்சு பெரிய போட்டி. அதுலதான் ட்விஸ்ட். அரையிறுதி நடக்கிற அதே நாள் காலையில் ஓசூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. ‘ஏழு அண்ணா’வுக்கு கால் லெட்டர் வந்திருந்துச்சு. ரெண்டு நாள் அவர் யார்கிட்டயும் சரியாப் பேசலை. சார்கிட்ட கேட்டப்ப, “போடான்னும் சொல்ல மாட்டேன், இருடான்னும் சொல்ல மாட்டேன். வீட்ல கேளு”ன்னுட்டார். வீட்டுக்கு போன் போட்டார். அம்மா சொன்னது: “எது உனக்கு அப்புறமா கிடைக்காதோ, அதைப் பாரு சாமி.”

காலையில் 5 மணிக்கு அவர் சேலம் பஸ்ஸில்தான் இருந்தார்.

தருமபுரியிலிருந்து சேலம் போற வழியில தொப்பூர் கணவாய் வரும். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல சரிவா இறங்கற நெடுஞ்சாலை. எத்தனையோ லாரிங்க பிரேக் பிடிக்காம மோதின இடம். அதுவரைக்கும் பாட்டுப் போட்டுக் கலக்கிக்கிட்டிருந்த பஸ், அங்கே வந்ததும் தானா அமைதியாயிடுச்சு. ‘ஏழு அண்ணா’ மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்து உதட்டை அசைச்சுக்கிட்டே வந்தார். சாமி கும்பிடறாரோன்னு பார்த்தா... ‘கபடி கபடி கபடி’!

அரையிறுதியை எழுத்துல சொல்றது கஷ்டம். கடைசி ரைடுக்கு முன்னாடி ஸ்கோர் 27-28. நம்ம டீம் ஒரு பாயின்ட் பின்னாடி. எதிரே ஆறு பேர். ஆறு பேரோ அதுக்கு மேலேயோ இருந்தா போனஸ் லைன் செல்லும். ‘ஏழு அண்ணா’ உள்ளே போனார். பத்தாவது செகண்டில் போனஸ் லைனைத் தாண்டிக் கால் வெச்சார். 28-28! அப்படியே திரும்பி வந்திருந்தா டை. ஆனா, வலது கார்னர் ஆள் கைக்கு எட்டற தூரத்துல நின்னான். ஒரு டச்... ஃபைனல்! கையை நீட்டினார். அவன் விரலுக்கும் கார்னர் தோளுக்கும் நடுவுல ஒரு சாண் இருந்திருக்கும். அதுக்குள்ள கணுக்கால் மாட்டிக்கிச்சு. மேல மூணு பேர் விழுந்தாங்க. நடுக்கோட்டுக்கு அரை அடி முன்னாடி அவர் கை நின்னுடுச்சு. 28-29.

சார் திட்டுவார்னு எல்லாரும் பயந்தோம். அவர் போய் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துவிட்டார். அவ்வளவுதான்.

யுனிவர்சிட்டி கேம்ப்புக்குத் தேர்வான லிஸ்ட் வந்துச்சு. நம்ம காலேஜிலிருந்து ஒரே ஒரு பேர். சித்தேரி மலை லெஃப்ட் கார்னர்! அவன் சந்தோஷப்படறதா, அழறதான்னு தெரியாம ‘ஏழு அண்ணா’ முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னான். அவர்தான் முதல்ல அவனைத் தூக்கித் தோளில் வெச்சார். “டேய், கேம்ப்ல பஸ்ஸைப் பாக்காதடா, அங்கயே தங்க இடம் தருவாங்க!” அப்புறம் தன்னோட மேட் ஷூவைக் கழட்டி அவன் பையில் போட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்.

டிசம்பரில் ‘ஏழு அண்ணா’வுக்கு ஓசூரில் வேற ஒரு கம்பெனியில் கடைசி செமஸ்டர் முடிஞ்சதும் சேரச் சொல்லி வேலை கிடைச்சிடுச்சு. கல்யாண வீட்டில் பொண்ணை அனுப்பற மாதிரி டீமே கொஞ்சம் டல். “போலீஸ் வேலைக்கும் எழுதுவேன். ஆனா, அதுவரைக்கும் எங்கப்பாவை ஊருக்கு வரச் சொல்லிடலாம்ல?” என்றார். இதுக்கு நாம என்ன சொல்ல?

பொங்கல் வந்துச்சு. எங்க ஊர்ப் பக்கம் பொங்கலுக்கு மூணு நாள் மின்னொளிக் கபடி கட்டாயம். மூங்கில் கம்பத்துல ஃபோகஸ் லைட், மைக் செட்டில் கமென்ட்ரி, ஓரமா சுண்டல் கடை, பரிசுக் கேடயம். பெங்களூரு, திருப்பூர்னு போனவங்க அத்தனை பேரும் அந்த மூணு நாள் ஊர்ல இருப்பாங்க. அவங்கவங்க ஊர் டீமுக்கு ஆடுவாங்க. நாற்பது வயசு தொப்பைக்காரர்கூட ஒரு ரைடு பாடாம விட மாட்டார்.

ராத்திரி 1 மணிக்கு ‘ஏழு அண்ணா’ தன் ஊருக்காக இறங்கினார். எதிர் டீமில் லெஃப்ட் கார்னர் யார் தெரியுமா? அதே சித்தேரிப் பையன்! காலில் ஷூ இல்லை, ரெண்டு பேருமே வெறுங்கால். மண்ணு நல்ல பதத்துல இருந்துச்சு. கயித்துக்கு வெளியே பெங்களூரிலிருந்து வந்த அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மகன் காலேஜ் சேர்ந்ததிலிருந்து அவர் ஆட்டத்தைப் பார்க்கறது அதுதான் முதல் தடவையாம்.

பையன் கணுக்காலுக்குப் பாய்ஞ்சான். பிடி கிடைச்சுது. ஆனா, இது மேட் இல்லையே... மண்ணு! ‘ஏழு அண்ணா’ காலை உதறி, வழுக்கி, புரண்டு, புழுதியோட நடுக்கோட்டில் கையை வெச்சார். விசில்!

எந்தப் பேப்பரிலும் வராத பாயின்ட். எந்த சர்டிஃபிகேட்டிலும் ஏறாத பாயின்ட். ஆனா, அப்பா எழுந்து நின்னு துண்டைச் சுத்தினார் பாருங்க...

ஒகேனக்கல் பார்க்க தருமபுரிக்கு வர்றவங்க நிறைய பேர். தப்பில்லை, மீன் குழம்பும் பரிசலும் சூப்பர்தான். ஆனா, அடுத்த வாட்டி பொங்கலுக்கு வாங்க மக்களே. சேலம், ஜோலார்பேட்டை வழி ரயிலில் வந்தா மொரப்பூரில் இறங்கலாம், அங்கிருந்து அரூருக்கு பஸ் இருக்கு. ராத்திரி எந்த ஊர்ல ஃபோகஸ் லைட் தெரியுதோ, அந்தப் பக்கம் நடங்க. டிக்கெட் கிடையாது. கோடு போட சுண்ணாம்பு மூட்டை தூக்க மட்டும் ஒரு ஆள் எப்பவும் தேவைப்படும்!