ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றது

கொஞ்சம் நீளமான பதிவு. கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்கள் சிரிக்காமல் படிக்கவும்.

2009இல் வாங்கிய கணினி ஒன்று பரணில் கிடந்தது. அதிலிருந்த விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. எடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மாவின் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், கணினி அறிவியல். சி++ நிரலை நோட்டில் எழுதி, மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பாளாம். "சனிக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். லினக்ஸ் இலவசம், பழைய கணினியிலும் ஓடும், சி++ கம்பைலரும் காசில்லாமல் கிடைக்கும். வேறென்ன வேண்டும்?

பென்டிரைவில் ஏற்றி ஆரம்பித்தேன். பாதியில் திரை அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ் அசையவில்லை. பொத்தானை அழுத்தி அணைத்து, மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் உறைந்தது. சனிக்கிழமை வந்தது, அந்தப் பெண்ணும் வந்தாள், கணினி வரவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. பதிவிறக்கிய கோப்பு முழுசாக வந்திருக்கிறதா என்று செக்சம் எண்ணை ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. பென்டிரைவை மாற்றினேன். பழைய கிராபிக்ஸ் கார்டு மக்கர் செய்யலாம் என்று, தொடக்கப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்தேன். 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற சொற்களை எடுத்துவிட்டால் உள்ளே நடப்பது வரிவரியாகத் திரையில் ஓடும், அதையும் செய்தேன். உறைந்த பிறகு கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்த்தேன். அந்த விளக்கு மாறினால் பெரும்பாலும் திரைதான் சிக்கியிருக்கிறது. மாறாவிட்டால் உயிரே நின்றுவிட்டது என்று பொருள். மாறவில்லை.

அந்தப் பெண் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். ஆறாவது முறை நின்றதும், "சார், ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல நிக்குது" என்றாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு முறை வட்டைப் பிரிக்கும்போது, ஒரு முறை கோப்புகளை நகலெடுக்கும்போது, ஒரு முறை மொழியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே. மென்பொருளில் கோளாறு என்றால் அநேகமாக ஒரே இடத்தில் நிற்கும். இடம் மாறி மாறி நின்றால் சந்தேகம் ராம், சூடு, மின்சாரம் பக்கம் போக வேண்டும். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

அதே பட்டியலில் இருந்த மெம்டெஸ்ட்டை ஓடவிட்டோம். பத்து நிமிடத்துக்குள் சிவப்பு வரிகள். மின்இணைப்பைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, தூசியைத் தட்டி, இரண்டு ராம் பட்டைகளையும் கழற்றினோம். பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் துடைத்தாள் அவள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தோம். ஒரு பட்டை எந்தக் குழியில் போட்டாலும் சிவப்பு. இன்னொன்று இரண்டு குழியிலும் சுத்தம். கெட்டதை வெளியே வைத்துவிட்டு, மீதி 2 ஜிபியோடு, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்பைப் போட்டோம். முக்கால் மணி நேரத்தில் நிறுவி முடிந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

இதை எழுதக் காரணம் கணினி மட்டுமல்ல.

36 வருடம் கணக்கு வாத்தியார் நான். ஒரு பிள்ளை ஒரே மாதிரி தப்பு செய்தால் அந்தப் பாடம் புரியவில்லை. இன்று கூட்டலில், நாளை குறியீட்டில், மறுநாள் விடையைப் பார்த்து எழுதுவதில் என்று தப்பு இடம் மாறினால், பாடத்தில் ஒன்றுமில்லை, வேறெங்கோ கோளாறு. ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். கவனக்குறைவு என்று முடிவு கட்டி, ஒவ்வொரு கணக்கையும் பத்து முறை எழுத வைத்தேன். கெட்ட ராமை வைத்துக்கொண்டு நான் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தது போலத்தான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பால் வண்டியில் போய்விட்டுத்தான் அவன் பள்ளிக்கு வருகிறான் என்பது ஆண்டு முடிந்த பிறகே எனக்குத் தெரிந்தது. தூக்கம் இல்லாத பிள்ளை. ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால், பெயர் போட வேண்டாம். உனக்கே தெரியும். அந்த இம்போசிஷனுக்கு என்னை மன்னித்துக்கொள்.

கணினி இப்போது இஸ்திரிக்காரர் வீட்டில் ஓடுகிறது. பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்குகிறது. யார் வீட்டிலாவது பழைய டிடிஆர்2 ராம், 2 ஜிபி, சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அழிப்பான் என்னிடம் இருக்கிறது.