தோல் ஊரில் ஒரு பறை

2025 குடியரசு நாளையொட்டி வந்த பத்மஸ்ரீ பட்டியலில் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானின் பெயர் இருந்தது. அந்த வாரம் பறை அடிப்பவர்களைப் பற்றி நிறைய வாசித்தேன். பறையைக் கட்டுகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைக் காட்பாடியில் இருக்கும் நண்பரிடம் சொன்னேன். அவர் எலக்ட்ரிக் கிதார் வாசிப்பவர். "ஆம்பூர்ப் பக்கம் ஒருத்தர் இருக்கார், கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

நண்பருக்கு அவர் எப்படிப் பழக்கம் என்பதும் ஒரு வாத்தியக் கதைதான். நண்பரின் கிதாரில் கழுத்து வந்து சேரும் குழியருகே உடல் விரிசல் விட்டுவிட்டது. கழுத்து நான்கு திருகுகளால் பிணைக்கப்பட்ட கிதார் அது. 1950-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிதார்களிலிருந்து பரவிய முறை. திருகைக் கழற்றினால் கழுத்து தனி, உடல் தனி. காட்பாடித் தச்சர் ஒருவரிடம் பலாப் பலகை கொடுத்துப் புது உடல் வெட்டவைத்தார் நண்பர். கழுத்தின் உச்சியிலுள்ள நட்டிலிருந்து பன்னிரண்டாவது மெட்டுக்கு எவ்வளவு தூரமோ, அங்கிருந்து பிரிட்ஜுக்கும் அதே தூரம் வர வேண்டும். அது பிசகினால் மேலே போகப் போக சுருதி சேராது. அந்த அளவு சரியாக வந்துவிட்டால், கம்பியின் அதிர்வைக் காந்தமும் செப்புச் சுருளும் வாங்கிக்கொள்ளும். உடல் மாறியும் கிதார் பிழைத்துக்கொள்ளும். அந்தக் கிதாருக்குத் தோள்வார் தைத்துக் கொடுத்த ஷூ கம்பெனித் தொழிலாளியின் சித்தப்பாதான் நாங்கள் பார்க்கப் போன பெரியவர்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் சாலையை விட்டு விலகி ஒரு சிற்றூர். வழியெல்லாம் தோல் ஏற்றிய வண்டிகள். இந்தப் பாலாற்றங்கரையில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் உப்பு வந்தது. ஆறும் கிணறும் கெட்டு, 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் இந்த ஊர்களின் வழக்கில்தான்.

பெரியவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு பறைகள் இருந்தன. ஒன்று வேப்பமரத் துண்டுகள் மூன்றை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகடு அடித்து இணைத்த வளையம். இன்னொன்று வெறும் இரும்பு வளையம். அதில் தோலுக்குப் பதில் ஃபைபர் தாள், சுற்றிலும் போல்ட்டு.

"இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க சார்" என்று இரும்பைத் தட்டினார். "மழைக்கு ஒண்ணும் ஆகாது. காய்ச்ச வேணாம். மண்டபத்துல நெருப்பு மூட்டினா வுடறாங்களா?"

அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. ஆனால் அவர் கை திரும்பத் திரும்ப மரப்பறைக்கே போனது. வளையம் செதுக்குவது வேறொருவர் வேலை. அது வந்து சேர்ந்தபின்தான் இவர் வேலை தொடங்கும். உப்புப் படாத பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் கத்தியால் சுரண்டி எடுக்கிறார். புளியங்கொட்டையை வறுத்து, மேல்தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் கொதிக்கவைத்தால் பசை. ஈரத்தோலை வளையத்தின் விளிம்பில் அந்தப் பசையால் ஒட்டி, பின்பக்கம் வாரால் இழுத்துக் கட்டி, நிழலில் காயவிடுகிறார். ஆணியோ போல்ட்டோ கிடையாது.

எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் தோல் பார்க்கும் விதம். பதப்படுத்தி வைத்திருந்த ஒரு தோலை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். உண்ணி கடித்த தழும்பு, சூடு போட்ட வடு, நரம்போடிய தடம் எல்லாம் தெரிந்தன. முதுகுப் பக்கம் தடிப்பு, வயிற்றுப் பக்கம் தொய்வு. எந்த இடத்தில் வட்டம் வெட்டுவது என்று விரலால் தடவியே முடிவு செய்தார். "ஷூ தோலுக்குத் தழும்பு மேல பெயிண்டு அடிச்சிடுவாங்க. இதுல தழும்பு சத்தத்துல கேக்கும்" என்றார்.

இத்தனை தோல் புழங்கும் ஊரில் தோலுக்கா பஞ்சம் என்று கேட்டேன். தொழிற்சாலைத் தோல் பறைக்கு உதவாது. பச்சைத் தோலின் நார்கள் காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். நெருப்பில் காட்டும்போது ஈரம் போய் இன்னும் விறைக்கும். பறைக்குச் சுருதி அப்படித்தான் ஏறுகிறது. குரோம் உப்பு அந்த நார்களுக்குள் புகுந்து, காய்ந்தாலும் ஒட்டாதபடி பிடித்துவைக்கிறது. ஷூ வளைவதும் நனைந்தாலும் அழுகாமல் இருப்பதும் அதனால்தான். அதே குணத்தால் பறை ஊமையாகிவிடும். ஆக, தொழிற்சாலைக்குள் போகும் முன்பே இவருக்குத் தோல் வேண்டும். அங்கேதான் கதவு அடைபட்டிருக்கிறது.

கசாப்புக்காரருக்குத் தரகர் முன்பணம் கொடுத்துவைத்திருக்கிறார். மாடு அறுபடும் முன்பே தோல் அவருக்குச் சொந்தம். உரித்த உடனே உப்புப் போட்டு மண்டிக்கு மொத்தமாக ஏற்றிவிடுகிறார். ஒற்றைத் தோல் கேட்டு நிற்கும் பெரியவருக்குக் கிடைப்பது கிழிசலும் கழிவும். அதற்கும் நல்ல தோலின் விலை. 2017 மே மாதம் மத்திய அரசு மாட்டுச் சந்தைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடுத்து நிறுத்தினாலும், தெரிந்த கைகளைத் தவிர வேறு யாருக்கும் தோல் தரத் தரகர்கள் பயப்படுகிறார்களாம். கட்டி முடித்த பறையை நகரத்துக் கடைக்காரர் வாங்கிப்போய் இரண்டு மடங்கு விலை எழுதுகிறார். தோல் வாங்கும்போதும் தரகர், பறை விற்கும்போதும் தரகர். செத்த மாட்டைத் தொடுகிறவன் என்று தலைமுறை தலைமுறையாக இவரை ஒதுக்கிய ஊரில், அந்த மாட்டுத் தோலை வைத்துக் காசு பார்க்கிறவர்கள் கௌரவமாக இருக்கிறார்கள். இதை விதி என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. இது கணக்கு, மாற்றி எழுதக்கூடிய கணக்கு.

பெரியவரின் நைனா சாவுக்கு மட்டுமே பறை அடித்தவர். கூலி கேட்டால் அடி கிடைத்த காலம் அது. பெரியவர் அடிக்கப் போகவில்லை, கட்ட மட்டும் கற்றுக்கொண்டார். நடுவில் சில வருடங்கள் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. கை வெந்துபோய்த் திரும்பி வந்தார். மகன் ஷூ கம்பெனியில் இருக்கிறார். "அதுவும் தோல் வேலதான். ஆனா கழுத்துல கார்டு தொங்குது, யாரும் இன்னா ஜாதின்னு கேக்கறதில்ல. அவன் ஏன் இங்க வரணும்?" என்றார். மருமகள் வீட்டிலிருந்தபடியே ஜோடிக் கணக்கில் ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிறார். நாங்கள் பேசிய நேரமெல்லாம் ஊசி நிற்கவே இல்லை.

நண்பர் தன் கிதாரைப் பற்றிச் சொல்லி, "உடம்பு மாத்தினாலும் சத்தம் வரும்ணா" என்றார். பெரியவர் இரண்டு பறைகளையும் மாற்றி மாற்றி அடித்துக் காட்டினார். இரும்பில் கணீரென்று ஒரே மட்டத்தில் ஓசை. மரத்தில் நடுவில் அடித்தால் ஒன்று, ஓரத்தில் மெல்லிய சிண்டுக்குச்சி பட்டால் வேறொன்று. "உனக்குப் புடிச்சி மாத்துன தம்பி. எனக்குத் தோலு கெடைக்காம மாத்துறேன்" என்றார்.

இந்த வேறுபாட்டை அரசு கவனிக்க வேண்டும். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் கலைஞர்களுக்கு வாத்தியம் வாங்க நிதி தருகிறது. வாத்தியம் கட்டுகிறவருக்கும் அதுபோல ஒரு வழி வேண்டும். உள்ளாட்சி நடத்தும் இறைச்சிக்கூடங்களிலிருந்து மாதம் சில தோல்களை உப்புப் போடாமல், நிர்ணயித்த விலையில் இவர்களுக்கு ஒதுக்கினாலே போதும். அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஷூவுக்குச் செய்த ஆராய்ச்சியில் ஒரு சிறு பங்கைப் பறைத்தோலுக்கும் செய்யலாம்.

கல்லூரி விழாவுக்கோ, கல்யாணத்துக்கோ, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கோ பறை வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகாதீர்கள். கட்டுகிறவரைத் தேடிப் போங்கள். தோலுக்கான முன்பணத்தை, தரகர் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் கொடுங்கள்.