மாட்டுக்குக் குறி போடும் பழைய துப்பாக்கி

பெயிண்ட்பால் என்றதும், முகமூடி போட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சாயக் குண்டு அடித்து விளையாடும் நகரத்து இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், அந்தத் துப்பாக்கி விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் மாடு வளர்க்கும் ஒரு விவசாயிக்கே அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் இது தெரியவந்தது.

அவரிடம் இருப்பவை நாற்பது இறைச்சி மாடுகள், எல்லாமே கறுப்பு. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகனுக்கு வெளியூரில் வேலை. அவருக்கோ முழங்கால் சரியில்லை. கோடையில் மேய்ச்சல் நிலத்தில் ஈ பெருகும்போது மாடுகளுக்குக் கண் நோய் வரும். முதலில் நீர் வடியும், பிறகு கருவிழியில் வெள்ளை படரும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும். ஈ அதை அடுத்த மாட்டுக்கும் கொண்டுபோகும். காலையில் எந்த மாட்டுக்குக் கண் வடிகிறது என்று பார்த்து வைத்தாலும், மாலையில் ஆள் சேர்த்து மந்தையை ஓட்டி வரும்போது அது கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும். காது வில்லையில் எண் இருக்கிறது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் படிக்க முடியாது. போன வருடம் ஒரு கிடேரி இப்படித் தப்பிப்போய் ஒரு கண்ணை இழந்தது.

மார்ச் மாதம் பக்கத்துப் பண்ணையில் ஏலம். அந்தப் பண்ணைக்காரர் இறந்துவிட்டதால் எல்லாவற்றையும் விற்றார்கள். இவர் கம்பி முறுக்கும் கருவிக்காக ஒரு மரப்பெட்டிச் சாமானை எடுத்தார். அடியில் கிடந்தது கைத்துப்பாக்கி மாதிரி ஒன்று. கனமான உலோகம், பக்கவாட்டில் 'நெல்ஸ்பாட் 007' என்ற எழுத்து.

விசாரித்தபோது கதை சொந்த மாநிலத்துக்கே வந்து சேர்ந்தது. மிச்சிகனின் நெல்சன் பெயிண்ட் நிறுவனம், வெட்ட வேண்டிய மரங்களில் அடையாளம் போடும் சாயம் செய்வது. ஓடையைத் தாண்டி, புதரைத் தாண்டி ஒவ்வொரு மரத்திடமும் வனப் பணியாளர் நடந்துபோவதைத் தவிர்க்க, தூரத்திலிருந்தே சாயம் அடிக்க ஒரு துப்பாக்கி வேண்டும் என்று கேட்டது. இந்த மாதிரியைச் செய்து கொடுத்தது டெய்சி நிறுவனம். மாடு வளர்ப்பவர்களும் வாங்கினார்கள். டெய்சியின் பூர்விகமும் விவசாயம்தான் என்பது சுவாரசியம். 1882-இல் மிச்சிகனின் பிளிமத் ஊரில் இரும்புக் காற்றாலை செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. காற்றாலை வாங்கும் விவசாயிக்கு இனாமாகக் கொடுத்த காற்றுத் துப்பாக்கிக்குக் காற்றாலையைவிடக் கிராக்கி வந்துவிட்டது!

இந்தத் துப்பாக்கியை ஒரு விவசாயச் சாமான் பட்டியலில் பார்த்த நண்பர்கள்தான் 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் ஹென்னிக்கர் அருகே காட்டில் முதல் பெயிண்ட்பால் ஆட்டம் ஆடினார்கள். மொத்தம் 12 பேர். காட்டில் பிழைக்கத் தெரிந்தவன் நகரத்தானா, நாட்டுப்புறத்தானா என்ற வாக்குவாதத்தில் தொடங்கிய ஆட்டம். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட் என்ற வனத்தொழிலாளி. அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

சரி, மாட்டுக்கு வருவோம். இதை இயக்குவது 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய சிறு உருளை. குண்டு 0.68 அங்குலம், அதாவது சுமார் 17 மில்லிமீட்டர். மாத்திரை உறை செய்யும் அதே ஜெலட்டின்தான் இதற்கும் தோல். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைச் சாய்த்துக் குண்டை உருள விட்டு, தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அவர் புது உருளையை மாட்டியதும் 'உஸ்' என்று கைப்பிடி வழியாக வாயு முழுவதும் போய்விட்டது. உள்ளே ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருந்தன. துரு நீக்கும் எண்ணெயை அடிக்கப் போனவரை இயந்திரக் கடைக்காரர் தடுத்தார். சிலவகை எண்ணெய்கள் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். கார்பன் டை ஆக்சைடுக்குத் தாங்கும் யூரித்தேன் வளையங்களைப் போட்டு, அதற்குரிய எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டதும் கசிவு நின்றது.

பனிக் குளிரில் பலகையில் சுட்டுப் பார்த்தார். குண்டு சோர்ந்து விழுந்தது. துப்பாக்கியில் குறையில்லை. 21 டிகிரி செல்சியஸில் அந்த உருளைக்குள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 850 பவுண்டு அழுத்தம் இருக்கும். உறைநிலையில் 500-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வெயில் வந்தபோது அதே துப்பாக்கி பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பூசியது. அந்த நீலம் ஒரே மழையில் கரைந்து போனது. விளையாட்டுக் குண்டுகளில் துணி கெடாமலிருக்க நீரில் கரையும் சாயம்தான் இருக்கும். குறி நிலைக்க வேண்டுமென்றால் எண்ணெய்ச் சாயக் குண்டு வேண்டும்.

கால்நடை மருத்துவர் அம்மாள் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். இடுப்புச் சதையைத் தவிர வேறெங்கும் சுடக் கூடாது. முகம், மடி பக்கமே போகக் கூடாது. சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி போட்டே ஆக வேண்டும், மனிதக் கண்ணையும் அது பறித்துவிடும். இன்னொன்று, நாய். விளையாட்டுக் குண்டில் உள்ள பொருள்கள் இனிப்பானவை. நாய் அவற்றைத் தின்றால், உடம்பு நீர் குடலுக்கு இழுக்கப்பட்டு இரத்தத்தில் உப்பு ஏறும்; தள்ளாடும், வலிப்பு வரும், சாகவும் கூடும். அவருடைய நாய் அதற்குள் பலகையடியில் முகர ஆரம்பித்திருந்தது. அன்றே புல்லைக் கிளறி ஒவ்வொரு குண்டாகப் பொறுக்கினார்.

ஜூலையில் ஒரு கிடேரிக்குக் கண் வடிந்தது. வேலியோரம் நின்று, இருபதடி தூரத்தில் ஒரே குண்டு. கிடேரி துள்ளி ஓடி, பிறகு மேயத் தொடங்கியது. மாலையில் பக்கத்துப் பையன்கள் இருவரே நீலப் பொட்டைப் பார்த்து மந்தையிலிருந்து பிரித்து ஓட்டி வந்தார்கள். மருத்துவர் ஊசி போட்டு, வெயிலும் ஈயும் படாமல் கண்ணுக்கு மேல் துணி ஒட்டிவிட்டார். மூன்றாம் வாரம் வெள்ளை குறைந்து, கருவிழி தெளியத் தொடங்கியது.

இதற்கிடையே, பழைய துப்பாக்கி சேகரிக்கும் ஓர் இளைஞர் வந்து, ஏலத்தில் பெட்டிக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு தருவதாகச் சொன்னார். ஈ அடங்கிய பிறகு வந்து கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார் பெரியவர். வாயு உருளையைக் கழற்றிய துப்பாக்கி இப்போது கொட்டில் சுவரில், கயிறுகளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.